யோகோஹாமாவின் தேர்முட்டி

கார் பார்க்கவென்றே வெளிநாடு போகிறவர்கள் மொனாக்கோ என்பார்கள், துபாய் என்பார்கள். இருக்கட்டும். மொனாக்கோ காசினோ வாசலில் வரிசை கட்டி நின்ற ஃபெராரிகளை நானும் வாயைப் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் ஜப்பானில் டைகோக்கு என்றோர் இடம் இருக்கிறது பாருங்கள், கார் பைத்தியம் பிடித்தவன் சாவதற்குள் ஒருமுறை போய்விட வேண்டும்!

இத்தனைக்கும் அது கண்காட்சியும் இல்லை, மியூசியமும் இல்லை. யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில், எக்ஸ்பிரஸ்வேயில் போகிறவர்கள் காபி குடிக்கவும் பாத்ரூம் போகவும் ஒதுங்குகிற சாதாரண பார்க்கிங். தலைக்கு மேலே வட்டம் வட்டமாகச் சுற்றி இறங்கும் மேம்பாலங்கள். நடுவே வெட்டவெளி. டிக்கெட் இல்லை, அழைப்பிதழ் இல்லை, நடத்துகிறவர் என்று யாரும் இல்லை. வார இறுதியில் பொழுது சாய்ந்தால் போதும், வண்டி வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வந்து சேர்கிறார்கள். திருவிழா இல்லாமலேயே வாராவாரம் தேர்கள் வந்து நிற்கிற தேர்முட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நடந்து போக வழியே கிடையாது. எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து மட்டும்தான் நுழைய முடியும். அதனால் வாடகைக் கார் எடுத்துவிடுவது நல்லது. நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கும் இன்டர்நேஷனல் பெர்மிட் அங்கே செல்லும். சாலையிலும் நம்மைப் போலவே இடதுபக்கம்தான். இண்டிகேட்டர் ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் இருக்கும். அதை இடப்புறம் வைத்த கார் ஓட்டிப் பழகியவர்கள், திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடினால் பதறாதீர்கள்.

1989-ல் திறந்த யோகோஹாமா பே பிரிட்ஜைத் தாண்டிச் சுற்றி இறங்கும்போதே காது விழித்துக்கொள்ளும். பின்னால் ஒருவர் கியரைக் குறைக்கிறார். பாலத்துச் சுவரில் மோதித் திரும்புகிறது சத்தம். கண்ணாடியில் பார்த்தால், ஐயோ, ஸ்கைலைன் ஜி.டி.ஆர்.! அதுவும் ஆர்34! நீல நிறம்! 1999 முதல் 2002 வரை மட்டுமே செய்த வண்டி. கம்ப்யூட்டர் கேமிலும் பால் வாக்கர் படத்திலும் பார்த்துப் பார்த்துத் தேய்த்த கார், கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று பானட்டைத் திறக்கிறது. உள்ளே சிவப்பு மூடி போட்ட ஆறு சிலிண்டர் இன்ஜின், 2.6 லிட்டர், இரண்டு டர்போ. 280 குதிரைத்திறனுக்கு மேல் காட்டுவதில்லை என்று அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தன. காகிதத்தில் அவ்வளவுதான். காகிதத்தை யார் ஓட்டினார்கள்!

ரோட்டரி இன்ஜின் போட்ட மஸ்டா ஆர்.எக்ஸ்.-7கள் ஒரு பக்கம் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், உடம்பெல்லாம் எல்.இ.டி. ஒட்டிக் கலர் கலராக மின்னும் லம்போர்கினிகள். கூட்டம் அங்கேதான் மொய்க்கும். எனக்கு அது ஒட்டவில்லை. கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டை அவ்வளவு விலையுள்ள காருக்கு ஏன் சுற்ற வேண்டும்?

என் மனசைக் கொள்ளையடித்தது ஒரு மஞ்சள் நம்பர் பிளேட். மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் நமக்கு வாடகை டாக்ஸி. அங்கே அது 660 சிசிக்கு மேற்படாத 'கே' காரின் அடையாளம். இரண்டு பெரிய வேன்களுக்கு நடுவே, சிவப்பும் சாம்பலுமாக, ஆட்டோஸாம் ஏ.இசட்.-1. நீளம் 3.3 மீட்டர்கூட இல்லை. உயரம் 1.15 மீட்டர்; கூரை என் இடுப்புக்குச் சற்று மேலே. எடை 720 கிலோ. 1992-ல் வந்தது, விற்கவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கதவைப் பாருங்கள், பக்கவாட்டில் திறக்காது. சிறகு விரிப்பதுபோல் மேலே எழும்பும்!

உரிமையாளர் தலை நரைத்தவர். போனைக் காட்டி, படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். எடுக்கச் சொன்னதோடு நிற்காமல் ஒற்றைக் கையால் கதவைத் தூக்கி விட்டார். ஜன்னல் கண்ணாடி முழுசாக இறங்காது. அதற்குள் இன்னொரு சின்ன ஜன்னல் இருக்கிறது. டோல் காசு நீட்ட ஒரு கை நுழையும், அவ்வளவுதான். சீட்டுக்குப் பின்னால் இன்ஜின், 657 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. சுசுகியின் எஃப் குடும்பத்து இன்ஜின். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது: நம்ம மாருதி 800-ல் இருந்ததும் அதே குடும்பம்தானே! போனில் அப்பாவின் பழைய 800 படத்தைத் தேடி எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஓ, சுசுகி!" என்றார். பிறகு பக்கத்து வண்டிக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஜி.டி.ஆர்.காரர் உட்பட நாலைந்து பேர் என் அப்பாவின் மாருதியைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாமும் முறையாக நடந்துகொள்ள வேண்டும். கேட்காமல் தொடக் கூடாது. படத்தை வெளியில் போடுவதானால் நம்பரை மறைத்துவிடுவது அங்கே வழக்கம். பசித்தால் உள்ளேயே கடை இருக்கிறது. குளிர்காலத்தில் மெஷினிலிருந்து சுடச்சுட டின் காபி விழும், கைக்கும் இதமாக இருக்கும். கூட்டமும் சத்தமும் அளவு மீறினால் போலீஸ் வந்து ஒலிபெருக்கியில் அறிவித்து பார்க்கிங்கையே மூடிவிடும். யாரும் முறைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பும். அந்த வெளியேறும் வழியில் ஓரமாக நின்று பாருங்கள். நின்ற வண்டியைவிட நகரும் வண்டிதான் அழகு.

ஞாயிறு காலையையும் விட்டுவிடாதீர்கள். அது பழசுகளின் நேரம். டொயோட்டா செஞ்சுரி ஒன்று வந்தது, பன்னிரண்டு சிலிண்டர், ஜன்னலில் லேஸ் திரை, கம்பளித் துணி தைத்த சீட்டு. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை; அத்தனை அமைதி. டொயோட்டா 2000ஜி.டி. மட்டும் கண்ணில் சிக்கவில்லை. உலகத்துக்கே 351 வண்டிதான் செய்தார்கள். மறுபடியும் ஜப்பான் போகவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். செர்ரிப் பூ பார்க்க என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.