புலம்பலின் மொழி: தகடூரும் தேம்பாவணியும்

தகடூர் என்னும் பழம்பெயருடைய தருமபுரியைத் தமிழ் இலக்கியம் ஒரு புலம்பலோடு இணைத்தே நினைவில் கொண்டுள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சி போரில் வீழ்ந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை, புறநானூற்றில் 235ஆம் பாடலாக நிற்கிறது. கிடைத்தது சிறிதளவு கள்ளாயினும் அதைத் தமக்கே ஈந்தவன், புலால் நாறும் தம் தலையை நறுமணக் கையால் தடவியவன் என்று அவர் சொல்லிச் செல்கையில் உவமை தேடவேண்டிய தேவை எழவில்லை. வீட்டுப் பேச்சின் அண்மை அங்கே உண்டு.

இதனருகே தேம்பாவணியை வைத்து நோக்குவோம். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், ஏறத்தாழ முப்பது வயதில் இந்தியா வந்து தமிழைக் கற்றவர். 3615 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தில், தாய் எலிசபெத்தை அடக்கம் செய்த கருணையன் காட்டில் தனித்து அழும் பகுதி புகழ்பெற்றது. (கருணையன் என்பது யோவான் ஸ்நானனுக்கு ஆசிரியர் இட்ட பெயர்.) மழையின்றி வாடும் பயிரும், உடன் அழும் பறவைகளும் காப்பிய மரபு தந்தவை; முனிவர் அம்மரபைக் குறைவறக் கற்றார் என்பதற்கு அவை சான்று, அவ்வளவே. நம் நெஞ்சைத் தொடுவது வேறோரிடம். உணவு தேடும் வகையும் காட்டில் செல்லும் வழியும் அறியேனே என்று அச்சிறுவன் தவிக்கிறான். அந்நிய நாட்டில் உண்பதையும் நடப்பதையும் புதிதாய்ப் பயின்ற ஒருவரின் அனுபவம் இங்கே பேசுகிறது என நாம் கருதுகிறோம். ஆகவே, கற்ற மொழியில் உணர்ச்சி பிறவாது என்னும் பொதுக்கூற்றை ஏற்பதற்கில்லை.

எனினும் மாற்கு நற்செய்தியாளர் செய்ததையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கிரேக்கத்தில் எழுதும் அவர், கெத்செமனேயில் எழுந்த ‘அப்பா’ என்னும் விளியையும் (14:36), சிலுவையின் கதறலையும் (15:34) அரமேய ஒலியிலேயே விட்டுவைக்கிறார். ‘பிதாவே’ என்பதற்குக் கிரேக்கச் சொல் கிடைக்காமலா? அடுத்த சொல்லாகவே அதையும் எழுதுகிறாரே! பவுலும் ரோமருக்கு எழுதுகையில் அவ்வாறே செய்கிறார் (8:15). துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தைப் பின்னர்க் கற்ற மொழியாகவும் கொண்டோரைப் பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. சிறு வயதில் பெற்றோர் கண்டித்த சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோதே அவர்தம் உடல் மிகுதியாக அதிர்ந்தது என்பதைத் தோலின் மின்கடத்தலை அளந்து கண்டனர்.

நம் மாவட்டத்துக்கு இது தொலைவான செய்தியன்று. தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாய் உள்ள குடும்பங்கள் இங்குப் பல. அரூரை அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மொழியும் வாழ்கிறது. இத்தகைய வீடுகளிலிருந்து சபைக்கு வருவோர் திருமறையைத் தமிழில் வாசித்துத் தமிழிலேயே செபிக்கக் கற்றவர்கள். பாவ அறிக்கைக்கு அத்தமிழே அவர்களுக்கு எளிதாதலும் கூடும். சொல் அவ்வளவாகச் சுடாததால் நாணம் குறைகிறது. அந்த இடைவெளியை நாம் இகழவில்லை.

அடக்க ஆராதனையில்தான் இடர். கல்லறையருகே மகள் தன் தாயை வீட்டுமொழியில் விளித்து அழத் தொடங்கியதும், ஒழுங்கு கெடுமென அஞ்சி அடுத்த ஞானப்பாட்டை எடுக்கச் சொல்லும் போதகர்களைக் கண்டிருக்கிறோம். முறைமை நூலில் அந்த அழுகைக்கென அச்சிட்ட இடம் இல்லை என்பது உண்மையே. அவள் முடிக்கும்வரை நூலை மூடிக் கையில் வைத்திருக்க எவரும் தடை சொல்லவில்லை.