நிலக்கரியும் அணையா அடுப்பும்

பரிணாமக் கோட்பாட்டை மறுக்கும் நூல்களுள் முஸ்லிம் உலகில் பெரிதும் அறியப்பட்டது, ஹாரூன் யஹ்யா என்னும் புனைபெயரில் துருக்கியின் அத்னான் ஒக்தார் எழுதி, 2006இல் முதல் தொகுதி வெளிவந்த 'அட்லஸ் ஆஃப் கிரியேஷன்'. அதன் வாதம் எளியது: புதைபடிவங்களில் காணும் உயிர்கள் இன்றுள்ளவற்றை ஒத்திருக்கின்றன; எனவே பரிணாமம் நிகழவில்லை.

இவ்வாதம் நிலைபெறாது. எல்லா உயிரும் மாறியே தீரவேண்டும் என்று இயற்கைத் தேர்வு கூறவில்லை. சூழலுக்கு இசைந்த வடிவத்தை அது நிலைநிறுத்தவும் செய்யும். ஒத்தவற்றை மட்டும் அடுக்கி, மறைந்தவற்றைப் பேசாது விடுவது ஆய்வும் ஆகாது. வடலூரை அடுத்த நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, தொல்பழங்காலச் சதுப்புக் காட்டின் எச்சம். அதில் பொதிந்துள்ள மகரந்தத் துகள்கள் காட்டுவது, இன்றைய முந்திரித் தோப்புகளுக்கு முற்றிலும் வேறான ஒரு தாவர உலகை. அந்நூலிலோ, உயிருள்ள பூச்சியெனக் காட்டப்பட்ட படமொன்று தூண்டில் முள் பொருத்திய செயற்கை இரையாக இருந்தது.

இத்தகைய துணைவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அன்றே எச்சரித்தார்கள். கிரகணத்துக்குக் கணிதம் தரும் விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே ஊறு செய்கிறார் என்பது, 1095இல் நிறைவுற்ற 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையில் அவர்கள் கூறும் கருத்து. நெருப்புப் பட்ட பஞ்சு எரிவதை அந்நூலில் அவர்கள் மறுக்கவில்லை. எரிப்பது நெருப்பின் சுயஆற்றல் என்பதையே மறுத்தார்கள். இயற்கைத் தேர்வும் அத்தகையதோர் ஒழுங்கே எனில், அது படைத்தவனை அகற்றிவிடாது. ஆதம் (அலை) அவர்களின் படைப்பு பற்றிய வினா இதனால் தீர்ந்துவிடவில்லை. அது தனியே ஆராயத்தக்கது.

மெய்யான மோதல் வேறிடத்தில் உள்ளது. உணவும் இடமும் தாங்குவதைவிட மிகுதியாக உயிர்கள் பிறக்கின்றன. ஆதலால் போராட்டம், ஆதலால் தேர்வு என்றார் டார்வின். அவரது நூல் வெளிவந்தது 1859இல். எட்டாண்டுகள் கழித்து, 1867இல், வடலூர் சத்திய தருமச்சாலையில் இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. டார்வினுக்கு விடையாக அது மூட்டப்பட்டதன்று. எனினும் அதனை விடையாக வாசிக்கலாம். பசி அங்கே இயற்கையின் சல்லடை; இங்கே தீர்க்கவேண்டிய துன்பம். டார்வினின் தோழர் ஹக்ஸ்லியே, அறம் என்பது இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதன்று, அதனை எதிர்த்து நிற்பதே என 1893இல் உரையாற்றினார்.

பசித்தோர்க்கு உணவளிப்பதை ஈமானின் அடையாளமாக இறைமறை கொண்டிருக்கையில், நாம் வழக்காட வேண்டியது புதைபடிவங்களோடு அன்று. பிழைத்ததே தகுதியுடையதெனக் கூறி ஏழையின் பசிக்கு நியாயம் தேடும் சிந்தனையோடுதான்.