கண்ணன் நீலமானது ஏன்?

தாம்பரம் கடைவீதியிலே கொலுப் பொம்மைகளைக் கண்டிருப்பீர்கள். செட்டியாரும் மனைவியும் ரோஜா நிறம், திருமகளும் அப்படியே. கண்ணனோ நீலம்! கிருஷ்ணன் என்ற வடசொல்லுக்கே கரியவன் என்றுதானே பொருள்? பெயரிலே இருக்கும் கருமை தூரிகைக்கு வரும்போது மட்டும் கூசுவானேன்? அசுரன் மேனிக்கென்றால் அது தாராளம்! வண்ணம் பூசும் தொழிலாளியை நான் குறைகூறவில்லை. விற்பதை அவர் செய்கிறார். கூசுவது வாங்குகிற நாம்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க்கும் அவர் துணைவியார் மேமியும் 1940களில் கருப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி வினவினர். பெரும்பாலோர் வெள்ளையையே நல்லதென்றனர். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த ஆய்வைச் சுட்டியது.

நம் கொலுவிலும் பூச்சற்ற பொம்மை ஒன்றுண்டு: செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி. அரசனும் அரசியும் என்பார்கள். அந்த அரசியைக் காட்டி, "இவள் யார்?" என்றேன் என் மாணவியிடம்.

"வேலைக்காரி, சார்" என்றாள், அதே நிறத்துச் சிறுமி.