நகுக என்றது யாரை?

திருக்குறளில் மிகுதியாக எடுத்தாளப்படும் பாக்களுள் ஒன்று, துன்பம் வந்துற்றபோது நகைக்குமாறு பணிக்கும் 621ஆம் குறள். பள்ளிக்கூடச் சுவர்களிலும், அரசுப் பேருந்துகளிலும், நாட்காட்டித் தாள்களிலும், மேடைப் பேச்சுகளிலும் அதனை நாம் காண்கிறோம். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் அச்சத்தால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது கைப்பேசி வழியே நமக்கு வந்த ஆறுதல் மொழிகளுள்ளும் அது இடம்பெற்றிருந்தது. எனினும், இக்குறளைத் தலைக்குறளாகக் கொண்ட 'இடுக்கண் அழியாமை' என்னும் 63ஆம் அதிகாரத்தை முழுமையாக எடுத்துப் படிப்போர் அருகியே உள்ளனர். முதற் குறளை மட்டும் தனியே பிரித்து வழங்குவதால் அவ்வதிகாரத்திற்கு நேரும் குறையையும், கேட்போர் உள்ளத்திற்கு நேரும் ஊறினையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிறர்மேல் குற்றம் சுமத்த நாம் இதனை எழுதவில்லை. அக்குற்றத்தை நாமே செய்திருக்கிறோம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் மீனவர் பலர் அவ்வேளையில் கரையினின்று நெடுந்தொலைவில் இருந்தனர். பின்வந்த நாட்களில் சிலர் இலட்சத்தீவிலும் அயல் மாநிலக் கரைகளிலும் ஒதுங்கி உயிர் தப்பினர். சிலருடைய உடல்கள் கிடைத்தன. பலரைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. அவர்களுடைய வீட்டார்க்கு, இறந்தார் என்று அழவும் இயலவில்லை. இருக்கிறார் என்று ஆறியிருக்கவும் இயலவில்லை. துயரங்களுள் கொடியது நிச்சயமற்ற துயரமே என்பதை அந்நாட்களில் நாம் கண்ணாரக் கண்டோம்.

அத்தகைய வீடொன்றின் திண்ணையில் ஒரு தாய் அமர்ந்திருந்தார். மகன் கடலில். ஏதேனும் ஆறுதல் சொல்ல வேண்டுமே என்னும் பதற்றத்தில், நம் நாவில் பழகியிருந்த அந்தக் குறளைச் சொல்லி, வள்ளுவரே மனந்தளராதிருக்கச் சொல்லியிருக்கிறார் என்று விளக்கமும் சொன்னோம். அவர் நிமிர்ந்து நோக்கி, "சாமி, எங்களச் சிரிக்கவா சொல்லுதிய?" என்று கேட்டார். குரலில் சினம் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். விடை சொல்ல இயலாது நின்றோம். அன்றிரவே அவ்வதிகாரத்தை எடுத்து மீண்டும் மீண்டும் படிக்கலானோம். இக்கட்டுரை அப்படிப்பின் விளைவு.

அதிகாரத்தின் இருப்பிடம்

ஒரு பாவின் பொருளை அறிய அது நிற்கும் இடத்தையும் அறிதல் வேண்டும். துன்பத்தைத் தாங்கும் அறிவுரை துறவறவியலில் வந்திருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். வள்ளுவரோ இதனைப் பொருட்பாலில், அரசியலின் 25 அதிகாரங்களுள் இறுதியாக வைத்தார். இதற்கு முன் நிற்பவை ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்றும். தளராது முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்னும் கருத்தமைந்த 620ஆம் குறளை அடுத்த அடியிலேயே, நகைக்கச் சொல்லும் 621ஆம் குறள் பிறக்கிறது.

எனவே, இவ்வதிகாரம் கைகட்டி அமர்ந்திருப்போனைத் தேற்றும் தாலாட்டு அன்று. ஒரு வினையை மேற்கொண்டு, அதன் நடுவே இடையூறுற்று, வினையைக் கைவிடவும் மனமின்றி நிற்பவனுக்குக் கூறியது. பரிமேலழகரும் அவ்வாறே கொண்டார். வினையில் முயல்வோன் தெய்வத்தாலோ, பொருளின்மையாலோ, மெய்வருத்தத்தாலோ இடுக்கண் உற்றபோது கலங்காதிருத்தலே இதன் பொருள் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். நகைத்தல் என்பதற்கும் அவர் உள்ளத்துள் மகிழ்தல் என்றே உரை காண்கிறார். வாய்விட்டுச் சிரிப்பதையோ, துன்பமே இல்லாதது போல் நடிப்பதையோ அவர் கருதவில்லை.

அதிகாரத்தின் பெயரையும் நோக்குதல் தகும். ஜி.யு. போப் 1886ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இதற்குத் துன்பத்தில் நம்பிக்கையோடிருத்தல் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். நல்லெண்ணத்தோடு இட்ட பெயரே எனினும், மூலத்தில் இல்லாத ஒன்றை அது புகுத்திவிடுகிறது. நாளை நல்லது வரும், இழந்தது மீளும் என்று இப்பத்துக் குறள்களில் ஒன்றேனும் வாக்களிக்கவில்லை. வள்ளுவர் இட்ட பெயர் 'அழியாமை'. இடுக்கண் வாராது என்று அவர் சொல்லவில்லை. வந்த இடுக்கண் நம்மை அழித்துவிட வேண்டியதில்லை என்று மட்டுமே சொல்கிறார். நாளை என்ன நிகழும் என்பது ஒருவர்க்கும் தெரியாத காலத்தில், பொய்யாகிவிடக்கூடிய நம்பிக்கையைக் காட்டிலும் இச்சிறிய சொல் உறுதியானது என்பது நம் கருத்து.

பத்துக் குறள்களின் போக்கு

நகைக்கச் சொன்ன புலவர், அந்நகை எங்கிருந்து பிறக்கும் என்பதைப் பின்வரும் குறள்களில் படிப்படியாகக் காட்டுகிறார். வெள்ளம்போல் பெருகி வரும் துன்பமும் அறிவுடையான் உள்ளத்தால் எண்ணிய அளவில் அழியும் என்பது 622ஆம் குறள். 623இல் 'இடும்பை' என்னும் ஒரு சொல்லையே நான்கு முறை அடுக்கி, துன்பத்துக்குத் துன்பப்படாதவர் துன்பத்தையே துன்புறச் செய்வர் என்கிறார். இது வெறும் சொல்விளையாட்டன்று. துன்பம் வேறு, துன்பத்தைக் கண்டு நாம் படும் துன்பம் வேறு. முன்னது பெரும்பாலும் நம் கையில் இல்லை. பின்னதில் ஒரு பங்கேனும் நம் கையில் உண்டு. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டவே ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருகிறது.

அடுத்து வரும் 624ஆம் குறளின் உவமையே இவ்வதிகாரத்தின் உயிர் என்போம். தடைப்பட்ட இடந்தோறும் தளராது இழுத்துச் செல்லும் எருது அது. சேற்றில் சக்கரம் புதைந்த வண்டியை எருது இழுப்பதைக் கண்டவர்க்கு இதன் நுட்பம் விளங்கும். அது சிரிப்பதில்லை. முன்னங்காலை மடித்து, கழுத்தைத் தாழ்த்தி, மூச்சிரைக்க, அடியடியாக நகர்கிறது. தலைக்குறளில் நகைப்பாகத் தோன்றியது இங்கு மூச்சிரைப்பாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே மனநிலையின் இரு தோற்றங்கள். இன்னும் ஒன்று: எருது இழுக்கும் பாரம் அதனுடையதன்று. இதனைப் பின்னர்க் காண்போம்.

626ஆம் குறள் நோயின் வேருக்கே செல்கிறது. பெற்ற காலத்தில் அதனை இறுகப் பற்றிக் காத்துக்கொள்ள அறியாதவர், இழந்த காலத்தில் இழந்தோமே என்று வருந்துவரோ என்று அது வினவுகிறது. இழப்பின் நாளில் நாம் எவ்வாறு நிற்போம் என்பது பெற்ற நாளில் எவ்வாறு வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தது என்பதே இதன் கருத்து. உடம்பு துன்பத்துக்கு இலக்கு எனத் தெளிதல், துன்பம் இயல்பு எனத் தெளிதல், இன்பத்தில் மிதவாதிருத்தல் என அடுத்த மூன்றும் இதனையே விரிக்கின்றன. துன்பத்தை இன்பமாகக் கொள்ளச் சொல்லும் 630ஆம் குறளையும், வினைசெய்யும்போது அவ்வினையால் வரும் வருத்தம் என்றே பரிமேலழகர் வரையறுக்கிறார். பசியையும் நோயையும் அநீதியையும் இன்பமென ஏற்குமாறு எளியோர்க்குச் சொல்ல அதில் இடமில்லை.

அதிகாரத்தின் எல்லை

இவ்வளவு சிறப்பும் உடைய அதிகாரத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. அதனை மறைத்தல் திறனாய்வாகாது. 626ஆம் குறள் செல்வத்தைக் கருதியது. பொருளை இறுகப் பற்றாதே என்று ஒருவனுக்குச் சொல்லலாம். மகனை இறுகப் பற்றாதே என்று ஒரு தாய்க்குச் சொல்லலாமோ? உயிரினும் இனியோரை இழந்தவர்க்குச் சொல்லத்தக்க சொல் இந்தப் பத்துக் குறள்களில் இல்லை. நாம் செய்த முதற் பிழை, இல்லாததை அங்கிருந்து எடுத்து வழங்க முயன்றது.

இரண்டாம் பிழை அதனினும் பெரிது. இவ்வதிகாரம் முழுவதும் பேசுவது ஒருவன் தனக்கு உற்ற இடுக்கணைத் தான் எதிர்கொள்ளும் முறையைப் பற்றியே. நகைக்குமாறு பணிக்கப்பட்டவன் துன்புற்றவன். அருகில் நின்று, அவனை நகைக்கச் சொல்லும் உரிமை வேறெவர்க்கும் வழங்கப்படவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் மருந்தாவது, பிறர் வாயிலிருந்து வந்தால் புண்ணில் உப்பாகிவிடுகிறது.

அவ்வாறாயின், பிறர்க்கு உற்ற இடுக்கணின் முன் நாம் செய்யத் தக்கது யாது? வள்ளுவர் அதனையும் சொல்லாமல் விடவில்லை. இடுக்கண் என்னும் அதே சொல் 79ஆம் அதிகாரமாகிய நட்பில், 788ஆம் குறளில் மீண்டும் வருகிறது. உடை நெகிழ்ந்தவனுடைய கை, ஏவுவதற்கு முன்பே சென்று அதனைப் பற்றிக் காப்பதுபோல, நண்பனின் இடுக்கணை அப்பொழுதே சென்று களைவது நட்பு என்கிறார். இங்கே நகை இல்லை, அறிவுரை இல்லை, ஒரு சொல்கூட இல்லை. கை மட்டுமே உண்டு. பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போல் போற்றாவிடில் அறிவினால் பயன் என்ன என்று 315ஆம் குறள் கேட்கிறது. 622இல் வெள்ளம் போன்ற துன்பத்தை வெல்வதாகச் சொல்லப்பட்ட அறிவு, இந்த அறிவினின்று வேறானதன்று.

தன் துன்பத்துக்கு நகை. பிறர் துன்பத்துக்குக் கை. குறளை முழுமையாகப் படிப்போர்க்குக் கிடைக்கும் பாடம் இது. நாம் அந்தத் திண்ணையில் இவ்விரண்டையும் இடம் மாற்றிவிட்டோம்.

திண்ணையில் கண்ட உரை

அன்று நாம் விடையின்றி நின்றபோது, அண்டை வீட்டுப் பெண் ஒருவர் கருப்பட்டிக் காப்பியோடு வந்தார். அவருடைய கணவரும் கடலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தாயின் அருகில் அமர்ந்து, அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்துவிட்டு, தம்ளரை அவர் கையில் வைத்து, குடித்து முடிக்கும்வரை தம் கையால் அதனைத் தாங்கிக்கொண்டிருந்தார். பின்பு எழுந்து அடுத்த வீட்டுக்குச் சென்றார். அங்கும் ஒருவர் காத்திருந்தார்.

63ஆம் அதிகாரத்துக்கு நாம் படித்த உரைகள் எவற்றினும் அச்செயல் தெளிவாக இருந்தது. எருது இழுக்கும் பாரம் அதனுடையதன்று என்றோம். இவ்வதிகாரம் அரசியலில் வைக்கப்பட்டதன் காரணமும் அதுவே எனத் தோன்றுகிறது. தலைவன் கலங்கினால் அவனை நம்பியிருப்போர் அனைவரும் கலங்குவர். ஆதலின் அவன் அழியாதிருத்தல் அவன் பொருட்டு மட்டுமன்று. அப்பெண்ணுக்கு நாடும் இல்லை, முடியும் இல்லை. ஆயினும், தம் இடுக்கணில் அழியாதிருந்தமையால் பிறர் இடுக்கணுக்கு நீட்ட அவரிடம் ஒரு கை எஞ்சியிருந்தது. உள்ளத்தின் அமைதியை நாம் விரும்புவது நம் நலத்துக்காக மட்டுமெனில் அது நெடுநாள் நில்லாது. பிறர்க்கு நீட்டும் கையை நடுங்காமல் வைத்திருக்கவே அது வேண்டப்படுகிறது.

சில நாட்கள் சென்றபின் மீண்டும் அவ்வழியே சென்றோம். திண்ணையில் பெண்கள் பலர் கூடியிருந்தனர். மகன் சிறுவனாயிருந்தபோது முதன்முறை வள்ளத்தில் ஏறி, கரையை விட்டு நகர்வதற்குள் அஞ்சிக் குதித்து வீட்டுக்கு ஓடிவந்த கதையை அத்தாய் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே அவர் சிரித்தார். கண்ணீரும் வழிந்தது. மற்றவர்களும் சிரித்தனர். எவரும் அவரைச் சிரிக்கச் சொல்லவில்லை. நாம் குறள் எதுவும் சொல்லவில்லை. கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு, அவர்களோடு சற்று நேரம் அமர்ந்திருந்தோம்.