ஃப்ரேமுக்குள் ஒரு படகு

டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வில்டபீஸ்ட் என்கிற தாடி வைத்த மான்கள் கூட்டம் கூட்டமாக மாரா ஆற்றில் குதிக்கும். முதலை வாயைப் பிளக்கும். பின்னணியில் டிரம்ஸ் அதிரும். சுமார் 15 லட்சம் உயிர்கள் மழையையும் புல்லையும் தேடி வருஷா வருஷம் போகிற அந்தப் பயணம் எனக்கு அலுத்ததே இல்லை. 'ஒரு தடவையாவது நேர்ல போயிடணும்டா' என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வயது தாண்டிவிட்டது.

இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் ஓர் அண்ணன் உண்டு. 'செரங்கெட்டி சாகக் கூடாது' என்ற 1959-ம் ஆண்டு ஜெர்மன் ஆவணப்படம். பிராங்பர்ட் மிருகக்காட்சி சாலையை நடத்திய பெர்ன்ஹார்ட் கிரிசிமெக், தன் மகன் மிஷாயேலோடு சேர்ந்து எடுத்தது. வரிக்குதிரைக் கோடு போட்ட குட்டி விமானத்தில் பறந்து பறந்து விலங்குகளை எண்ணுகிறார்கள். 1959 ஜனவரியில் அதே விமானம் விழுந்து மிஷாயேல் இறந்துபோனார். வயது 24. மறு வருடம் படத்துக்கு ஆஸ்கர். இது தெரிந்து பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது.

ஆனாலும், பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? வரவு சரி, செலவு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடும்.

அந்தப் புல்வெளியில் மசாய் மக்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேசியப் பூங்காவுக்குள் மனிதர்களே வாழக் கூடாது, அந்த மண்ணின் மக்களும் கூடாது என்பது கிரிசிமெக்கின் வாதம். படம் வந்த அதே 1959-ல் மசாய்கள் கோரொங்கோரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். அனுப்பியது பிரிட்டிஷ் ஆட்சி. பழியைப் படத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால், ஆள் இல்லாத காடுதான் அழகு என்ற ருசியை உலகத்துக்கு ஏற்றிவிட்டதில் அதற்குப் பங்கு உண்டு.

எனக்கும் அந்த ருசி ஏறியிருக்கிறது என்பது ஆரம்பாக்கத்தில்தான் தெரிந்தது.

ஆப்பிரிக்காவுக்கு டிக்கெட் எடுக்க முடியாதவனுக்கு ஆரம்பாக்கம் இருக்கிறதே! கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால். ரயிலைவிட்டு இறங்கிக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. மழைக்காலம் முடிகிறபோது பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. தலையைக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை அலகால் சலித்துச் சாப்பிடும். அந்த ரோஸ் கலரே சாப்பாடு தந்த கலர்தான்.

ஒரு ஜனவரி காலையில் மொபைலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பறவைகள் வரிசையாக, அருமையாக நின்றன. நடுவில் ஒரு படகு. 'அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?' என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. 'எங்க சார் தள்றது? பறவை நிக்குதுன்னா அங்க தண்ணி கம்மின்னு அர்த்தம். அதைப் பார்த்துதான் நாங்களே படகைத் திருப்புவோம்' என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. அவர் வேலை பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டு அவரையே தள்ளச் சொல்லியிருக்கிறேன்!

தமிழ்நாட்டுப் பக்கம் இந்த ஏரி பறவைகள் சரணாலயம் ஆனது 1980-ல். அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இங்கே 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், யார், எந்த முறை வலை போடுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு. ஏரியை ஒரே நாளில் துடைத்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. நாங்கள் படித்த காமர்ஸில் இதெல்லாம் வரவில்லை.

தள்ளிக்கொள்ளச் சொன்ன கதை இந்த ஏரிக்கும் புதிதல்ல. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா, 1969-ல் ராக்கெட் தளத்துக்குத் தேர்வானது. அங்கே வாழ்ந்த யானாதிப் பழங்குடிகள் இடம் மாற்றப்பட்டார்கள். ராக்கெட் கிளம்பும்போது நாமெல்லாம் கை தட்டுகிறோம். தட்டலாம், தப்பில்லை. செலவுப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டிவிட்டுத் தட்டலாம்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். பறவைக்கு ரொம்பப் பக்கத்தில் போகாதீர்கள், மிரளும். ஃப்ரேமுக்குள் படகு வந்தால் அப்படியே எடுங்கள். என்னிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது. அண்ணனின் முதுகும் முப்பது, நாற்பது பூநாரைகளும். கொஞ்சம் ஆடியிருக்கும். பரவாயில்லை.