ஓஃபாவின் தீனார்

பிரித்தானிய நூதனசாலையிலுள்ள பொற்காசொன்றைக் காட்டி, மெர்சிய மன்னன் ஓஃபா (கி.பி. 757–796) இஸ்லாத்தைத் தழுவினான் என்று எழுதுவோர் உளர். நான் உடன்படவில்லை.

அது கலீபா அல் மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்து அடித்த காசு. கலிமா இருப்பது மெய்தான். ஆனால், 'முஹம்மது ரஸூலுல்லாஹ்' என்னும் வரிகளுக்கிடையே 'ஓஃபா ரெக்ஸ்' என்ற லத்தீன் எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன. அறபு வரிகளில் எழுத்துப் பிழைகளும் உள்ளன. பார்த்தெழுதும் மாணவன் அகப்படுவதும் இப்படித்தான்! அச்சு வெட்டியவனுக்கு அறபு வாசிக்கத் தெரியாது. அவனுக்கு அது வெறும் சித்திரம்.

ஈமானை இக்காசில் தேடுவோர், அப்பாஸியரின் பொன்னுக்கு அந்நியச் சீமையிலும் இருந்த மதிப்பைக் காணாமல் விடுகிறார்கள். வாசிக்கத் தெரியாத எழுத்தையும் ஓர் அரசன் தன் பெயரோடு பொறிக்கவைத்த மதிப்பு அது.