வெற்று டிஸ்க்கிலிருந்து எழும் சர்வர்: மூன்று பேக்கப் கருவிகள்

சர்வர் பேக்கப் கருவிகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பேக்கப் எவ்வளவு வேகமாக முடிகிறது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். பேக்கப் நள்ளிரவில் ஓடுகிறது. ஒரு மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ரீஸ்டோர் அப்படியல்ல. அலுவலகம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடப்பது அது. அதனால் குளோன்ஸில்லா, ரியர், பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியோடு ஓட்டிப் பார்த்தேன். பழைய மெஷின் போய்விட்டது, கையில் இருப்பது ஒன்றுமே எழுதப்படாத டிஸ்க். லாகின் திரை வருவதற்குள் நான் என்னென்ன செய்ய வேண்டும்? மூன்றும் ஓப்பன் சோர்ஸ். காசு கட்டாமலே பயன்படுத்தலாம்.

குளோன்ஸில்லா தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது. பென்டிரைவில் பூட் செய்து, நீலத் திரை மெனுவில் நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுத்துவிடும். டிடி கட்டளையைப் போலக் காலி இடத்தையும் சேர்த்து அள்ளாமல், ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொண்டு தரவு உள்ள பிளாக்குகளை மட்டும் எடுக்கிறது. எடுத்த இமேஜ் திரும்ப ஏற்றக்கூடியதுதானா என்று அங்கேயே சோதித்தும் சொல்கிறது. ரீஸ்டோரும் அதே மெனுதான். அனுபவமில்லாத ஒருவரிடம்கூட போனில் சொல்லிச் செய்ய வைக்கலாம்.

ஆனால் இமேஜ் எடுக்க சர்வரை நிறுத்தியாக வேண்டும். முந்தைய இமேஜுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும் வசதியும் இல்லை. ஒவ்வொரு முறையும் முழுசாகத்தான். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும் என்று வைத்தால், சுருக்காத 2 டிபி தரவுக்கு 5 மணி நேரம். அத்தனை நேரம் தினமும் நிறுத்திவைக்கக்கூடிய சர்வர் எங்கே இருக்கிறது? புது டிஸ்க் பழையதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் வழக்கமான முறையில் ஏற்காது. லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு வைத்திருப்பவர்கள் கையால் வேலை பார்க்க வேண்டியிருக்கும். பெரிய அப்கிரேடுக்கு முந்தைய இரவில் ஒரு முழு இமேஜ் எடுத்து வைக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. அன்றாட பேக்கப்புக்கு இது ஆகாது.

ரியர், அதாவது ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர், லினக்ஸ் சர்வருக்கு மட்டுமானது. 2006-இல் தொடங்கிய திட்டம். ரெட் ஹேட், சூசே இரண்டின் நிறுவன லினக்ஸ்களிலும் கிடைக்கிறது. முழுக்க பேஷ் ஸ்கிரிப்ட்களால் ஆனது என்பதை நான் பெரிய பலமாகவே சொல்வேன். எங்காவது நின்றுவிட்டால் லாக்கைத் திறந்து, எந்த வரியில் நின்றது என்று படித்துப் பார்க்க முடிகிறது.

இது டிஸ்க்கை நகலெடுப்பதில்லை. பார்ட்டிஷன்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன, எல்விஎம், ரெய்டு என்ன அமைப்பில் உள்ளன, பூட்லோடர் எது என்பதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்தே குறித்துக்கொள்கிறது. அந்தச் சர்வரின் கெர்னலையே வைத்து ஒரு மீட்பு ஐஎஸ்ஓ செய்கிறது. ஃபைல்களை டார் கோப்பாகக் கட்டி, நாம் சொல்லும் என்எஃப்எஸ் இடத்தில் போடுகிறது. கான்ஃபிக் ஃபைலில் மூன்றே வரிகள் போதும். மீட்கும்போது ஐஎஸ்ஓவில் பூட் செய்து ரெக்கவர் கட்டளை கொடுத்தால் பார்ட்டிஷன் போட்டு, ஃபைல்களை விரித்து, பூட்லோடரையும் பதித்துவிடுகிறது. சாட்டா டிஸ்க் இருந்த சர்வரை என்விஎம்இ டிஸ்க் உள்ள மெஷினில் எழுப்பிப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயரும் அளவும் வேறு என்று கண்டு நின்றது, எந்தப் பழைய டிஸ்க்குக்கு எந்தப் புது டிஸ்க் என்று கேட்டது, தொடர்ந்தது. வேறு வன்பொருளில் எழுந்து நிற்கும் இந்தத் திறனுக்காகவே ரியரை எனக்குப் பிடிக்கிறது.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. தானாக விட்டால், புது பேக்கப் பழையதன் மேலேயே எழுதப்படும். பழைய நகலை வைத்துக்கொள்ளச் சொல்லித் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். ரேன்சம்வேர் பூட்டிப்போட்ட ஃபைல்கள் நல்ல பேக்கப்பின் மேல் போய் உட்காரும் ஆபத்து இதில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை டாரில் கட்டினால், பாதி எழுதிய நிலையில் அது மாட்டிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இருந்தால் அவற்றுக்கு டம்ப் தனியே எடுத்தாக வேண்டும்.

டம்ப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. தினமும் டம்ப் எடுக்க ஏற்பாடு இருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் நிரலோ 9.2, அதனால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும், அவற்றுக்கு அனுப்புநர் அடையாளச் சான்று அமைக்கப்படாததால், ஏற்கப்படாமல் போயின. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இந்த விவரங்களை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. சர்வர் பார்க்கும் ஒவ்வொருவரும் அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எடுத்த பேக்கப் நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் உள்ளேயே இருக்கிறது. 1.0 பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. விர்ச்சுவல் மெஷினின் (விஎம்) டிஸ்க்கை 4 எம்ஐபி துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே உள்ள துண்டைத் திரும்ப வாங்காமல் விடுகிறது. எந்தெந்தப் பகுதி மாறியது என்று ஹைப்பர்வைசர் குறித்து வைத்திருப்பதால் இரண்டாவது பேக்கப்பிலிருந்து வேலை நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. விஎம்மை ஒருமுறை நிறுத்திவிட்டால் அந்தக் குறிப்பு போய்விடும். அடுத்த பேக்கப்பில் டிஸ்க் முழுவதையும் படிக்கும், ஆனால் மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்பும். துண்டுகள் கெடாமல் இருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலையை வாரம் ஒருமுறை ஓடும்படி வைத்துவிடலாம்.

லைவ் ரீஸ்டோர்தான் இதில் என்னைக் கவர்ந்தது. தரவு முழுவதும் வந்து சேரும் வரை காத்திருக்காமல், விஎம் உடனே பூட் ஆகிவிடுகிறது. தேவைப்படும் பிளாக்குகள் முதலில் வருகின்றன, மற்றவை பின்னால் வந்து நிரம்புகின்றன. முதலில் மந்தமாக இருந்தாலும் வேலை தொடங்கிவிடலாம். ஒரு எச்சரிக்கை: பேக்கப் சர்வரில் சாதாரண ஹார்ட் டிஸ்க் போட்டால், சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்குவதற்குள் அது திணறிப்போகும். எஸ்எஸ்டி வாங்க முடியாதவர்கள் லைவ் ரீஸ்டோரை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

என் தேர்வு இது. சர்வர்கள் விர்ச்சுவலாக இருந்தால் பிராக்ஸ்மாக்ஸ். விண்டோஸும் அதில் அடங்கிவிடும். தனி மெஷினில் நேரடியாக லினக்ஸ் ஓடினால் ரியர் ஐஎஸ்ஓ, கூடவே தினசரி ஃபைல் பேக்கப்புக்கு போர்க் அல்லது ரெஸ்டிக் கருவி. எதை எடுத்தாலும் ஒரு நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 தரவு மையம் எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

பிராக்ஸ்மாக்ஸில் என்கிரிப்ஷன் போடுபவர்கள் சாவியின் விஷயத்தில் கவனமாக இருங்கள். சாவி விஎம்கள் ஓடும் அதே ஹோஸ்ட்டில்தான் இருக்கிறது. ஹோஸ்ட்டின் அமைப்புக் கோப்புகள் விஎம் பேக்கப்பில் சேர்வதில்லை. ஹோஸ்ட் போனால் சாவியும் போகும், பேக்கப் அப்படியே இருந்தும் திறக்க முடியாது. சாவியைக் க்யூஆர் கோடோடு தாளில் அச்சிட ஒரு கட்டளை தந்திருக்கிறார்கள். முதல் பேக்கப் ஓடுவதற்கு முன்பே அச்சிட்டு, சர்வர் அறைக்கு வெளியே ஒரு பீரோவில் வைத்துவிடுங்கள்.